ரம்புட்டான் பழத்தில் ஊசித்துளை

1. வியாழக்கிழமை வந்த போன்

“மேடம், திங்கக்கிழம மரம் வெட்ட மெஷினுக்கு ஆளு சொல்லியாச்சு. எனக்க மரமெல்லாம் நிக்கும்போ ஒருக்கா வந்து பாத்துட்டுப் போங்க.”

ரோஸ்லின் அழவில்லை. அழுதிருந்தால் நாலு ஆறுதல் வார்த்தை சொல்லி, நாளைக்கு வருகிறேன் என்று போனை வைத்திருப்பேன். ரேஷன் கடைக்குச் சரக்கு வந்துவிட்டது என்று சொல்வார்களே, அந்தக் குரலில் சொன்னாள். எனக்குப் பயமாகிவிட்டது. மதியச் சாப்பாட்டை அப்படியே மூடி வைத்துவிட்டு ஸ்கூட்டியை எடுத்தேன்.

அப்போது நான் ஓய்வு பெற எட்டு மாதம் இருந்தது. உதவி தோட்டக்கலை அலுவலர் வேலை. ஊர் பூதப்பாண்டி, வயலுக்கு நடுவில் பிறந்து வளர்ந்தவள். ஆனால் முப்பத்தோரு வருடமும் என் பிழைப்பு மலையோரத்தில்தான். பேச்சிப்பாறைக்கு மேலே ரப்பர், கிராம்பு, அன்னாசி, வாழை, ரம்புட்டான் என்று ஏறி இறங்கி என் முதுகெலும்பு தேய்ந்ததுதான் மிச்சம். புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். அந்த ஐந்து நாளை நினைத்தால் இப்போதும் எனக்கு உட்கார்ந்த இடத்தில் இருப்புக்கொள்ளாது.

ரோஸ்லினுக்கு நாற்பத்திரண்டு ரம்புட்டான் மரங்கள். அவள் கணவர் வின்சென்ட் சவுதியில் ஏசி மெக்கானிக்காக இருந்த காலத்தில், தன் அப்பா கொடுத்த விளையில், அதாவது மேட்டுத் தோட்டத்தில், அவளே குழி எடுத்து ஒட்டுக்கன்று வைத்தாள். கோடையில் கீழே ஓடையிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் சுமந்தாள். முதல் இரண்டு பருவம் கொத்துக் கொத்தாகச் சிவந்து தொங்கின. மூன்றாவது பருவத்தில் பாதிக்கு மேல் கொத்திலேயே அழுகி விழுந்தன. நான் சொல்லும் இந்த ஜூன் மாதம் நாலாவது பருவம். மறுபடியும் அதே அழுகல்.

இதற்குள் வின்சென்ட் ஒரேயடியாக ஊருக்குத் திரும்பியிருந்தார். அவர் கட்சி ரப்பர்.

“ரப்பரு அழுகாதுல்லா மேடம்?” என்றார் நான் போய் இறங்கியதும். “இவ மரத்துக்க அடியில தலையில கைய வச்சு இருக்கதத பாக்க முடியல்ல. அதாக்கும் வெட்டச் சொன்னேன்.”

மனுஷன் கெட்டவர் இல்லை. பெண்டாட்டி மனம் நோவதைப் பொறுக்கமுடியாமல் பெண்டாட்டியின் மரத்தை வெட்டப் பார்க்கிறார். இப்படியும் ஒரு பாசம்.

2. போட்டோ பார்த்து மருந்து எழுதினவள்

இங்கே ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். போன வருடம் ரோஸ்லின் போன் செய்தபோது நான் நேரில் போகவில்லை. “போட்டோ எடுத்து அனுப்பு” என்றேன். அழுகின பழத்தின் படம் வாட்ஸப்பில் வந்தது. பார்த்தேன். மழைக்காலம், கறுத்த அழுகல், பூஞ்சாணம் என்று முடிவு கட்டி ஒரு மருந்தை எழுதி அனுப்பினேன். இரண்டு நிமிட வேலை. அவள் மூன்று முறை ஸ்ப்ரே செய்தாள். ஒரு பழம்கூடக் குணமாகவில்லை.

இந்தத் தடவை அழுகின பழத்தைத் தொடவே இல்லை. நல்ல பழமாகத் தெரிந்த ஒன்றைப் பறித்து, மேல்முடியை விலக்கி விலக்கிப் பார்த்தேன். ரம்புட்டான் தோலில் இருக்கும் அந்த முடி எதையும் மறைத்துவிடும். நாலாவது பழத்தில் கண்டேன். ஊசியால் குத்தினதுபோல ஒரு துளை. லேசாக அமுக்கினேன். துளை வழியாக முத்துப்போலச் சாறு வந்தது.

“வின்சென்ட், இங்க வாங்க! பாத்தியளா இத?”

“வவ்வாலு கடிச்சதா இருக்கும்.”

“வவ்வாலுக்குப் பல்லு ஊசியாவா இருக்கு? அது கடிச்சா பாதிப் பழத்த காணாது. தோலு கீழ கெடக்கும். இதுல ஒரேயொரு ஓட்ட.”

அவருக்கு வவ்வால் மேல்தான் சந்தேகம். அதற்காகவே இனயம் கடற்கரை ஊரில், தன்னோடு சவுதியில் இருந்த ஒரு கூட்டுக்காரரிடம் சொல்லி, கடலுக்கு ஆகாத பழைய மீன்வலைகளை வண்டி பிடித்துக் கொண்டுவந்து நாற்பத்திரண்டு மரத்துக்கும் போர்த்தியிருந்தார். கரையில் முடிச்சுப் போடக் கற்றுக்கொண்டு வந்து போட்ட முடிச்சு, ஒன்றுகூட அவிழவில்லை. வவ்வால் வரவும் இல்லை. பழம் மட்டும் அழுகியது.

துளை முதலில் விழுகிறது. அதன் வழியாகத்தான் பூஞ்சாணம் உள்ளே போகிறது. நான் போன வருடம் பின்னால் வந்தவனைப் பிடித்து அடித்து, முதலில் வந்தவனைக் கோட்டைவிட்டிருக்கிறேன். யார் அந்த முதல் ஆள்?

3. வாளி நிறைய ஈசல்

அன்று சாயங்காலமே ஆபீசிலிருந்து விளக்குப் பொறி ஒன்றைக் கொண்டுவந்து விளை நடுவில் நிறுத்தினேன். மேலே லைட், கீழே சோப்புத் தண்ணீர் வாளி. வெளிச்சத்துக்கு வரும் பூச்சி வாளிக்குள் விழும். எந்தப் பூச்சி என்று விடிந்ததும் தெரிந்துவிடும். சிங்கத்துக்கே கூண்டு வைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

வெள்ளிக்கிழமை காலையில் ரோஸ்லின் வாளியை எட்டிப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

“மேடம், வாளி ஒக்க ஈசலாக்கும்.”

ஈசல், வண்டு, இரண்டு மூன்று வெட்டுக்கிளி. பழத்தைக் குத்தும் யோக்கியதை உள்ளது ஒன்றும் இல்லை. பொறியைச் சுற்றியிருந்த மரங்களிலோ புதிதாகத் துளை விழுந்திருந்தது.

“கோழிக்கு நல்ல தீனி” என்றார் வின்சென்ட். வாளியைத் தூக்கிக்கொண்டு கோழிக்கூட்டுப் பக்கம் போனார். சோப்புத் தண்ணீர் என்று நான் கத்திக்கொண்டு பின்னால் ஓடவேண்டியதாயிற்று.

அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த ஓட்டத்தில் ஒன்று தோன்றியது. வெளிச்சத்துக்கு வராத பூச்சியும் உண்டு. பழ வாசனைக்கு மட்டும் வரும். அதைப் பொறி வைத்துப் பிடிக்க முடியாது. இருட்டியபிறகு மரத்தடிக்கே போய்ப் பார்க்கவேண்டும்.

4. சிவந்த கண்

வெள்ளிக்கிழமை ஏழரை மணி. மழை விட்டு மரம் சொட்டிக்கொண்டிருந்தது. ரோஸ்லின் கையில் டார்ச், என் கையில் மூடி போட்ட ஊறுகாய் பாட்டில், வின்சென்ட் கையில் குடை. சத்தம் போடக்கூடாது என்று சொல்லியிருந்தேன்.

மூன்றாவது மரத்தில் டார்ச் அடித்தாள். கொத்துக்குள்ளிருந்து இரண்டு சிவப்புப் பொட்டு எங்களைத் திரும்பிப் பார்த்தது. பக்கத்தில் இன்னும் இரண்டு. மேலே நாலு. அம்மாடி! முப்பத்தோரு வருட சர்வீசில் புத்தகத்தில் மட்டும் பார்த்திருந்த ஆள், குடும்பத்தோடு விருந்துக்கு வந்து உட்கார்ந்திருக்கிறார்.

பழச்சாறு உறிஞ்சும் அந்துப்பூச்சி. உள்ளங்கை அகலம் இருக்கும். சிறகை மடக்கி உட்கார்ந்தால் காய்ந்த இலை என்று தோன்றும். ஒன்று வந்து வலைமேல் இறங்கியது. சிறகை மடக்கியது. வலைக்கண் வழியாக நிதானமாக நடந்து உள்ளே போயிற்று.

“எனக்க வலைக்குள்ள நடந்தா போகுது?” வின்சென்ட் சத்தம் போடக்கூடாது என்பதை மறந்துவிட்டார். “சவத்துப் பயலுவளுக்கு வழி போட்டுக் குடுத்துருக்கேனே!”

ரோஸ்லின் பதறவில்லை. பாட்டிலை என் கையிலிருந்து வாங்கி, பழத்தோடு சேர்த்து ஒரு பூச்சியை லபக்கென்று மூடினாள். வீட்டுக்குள் கொண்டுபோய் மேஜையில் வைத்து மூன்று பேரும் சுற்றி உட்கார்ந்தோம். கொஞ்ச நேரம் படபடவென்று அடித்தது. பிறகு பசி வென்றது. முகத்துக்குக் கீழே சுருட்டி வைத்திருந்த குழலை நீட்டி, பழத்தின் முடியை விலக்கித் தோலில் வைத்து, தலையை ஆட்டி ஆட்டி இறக்கியது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குழல் உள்ளே போய்விட்டது.

“பூச்சி தேன் குடிக்கும்ணுல்லா படிச்சிருக்கோம். இது துளையிட்டுல்லா குடிக்குது!” வின்சென்ட் மூக்கு பாட்டிலில் இடித்தது. “நான் கம்ப்ரஸருலகூட இத்தன சுத்தமா ஹோல் போட்டதில்ல.”

ரோஸ்லின் என்னைப் பார்த்தாள். “அப்போ எனக்க மரத்துக்கு நோவு ஒண்ணும் இல்லியா மேடம்?”

“ஒரு நோவும் இல்ல. மரம் கல்லு மாதிரி இருக்கு.”

அதுவரை வராத அழுகை அப்போதுதான் அவளுக்கு வந்தது. வின்சென்ட் எழுந்து சாயா போடப் போனார்.

5. “இதுக்கு வல்லதும் மருந்து உண்டா?”

திருடனைப் பிடித்தாயிற்று. ஆனால் தினமும் இருட்டில் நின்று நாற்பத்திரண்டு மரத்தில் பூச்சி பிடிக்க முடியுமா? புழுவாக இருக்கும்போதே அழிக்கவேண்டும். சனிக்கிழமை விடிந்ததும் போய் இலை இலையாகத் தேடினேன். ஒரு ரம்புட்டான் இலையிலும் புழு இல்லை, முட்டை இல்லை. பத்து மணிக்குக் கழுத்து வலித்தது. வின்சென்ட் முகத்தில் பழைய ரப்பர் மறுபடியும் தெரிய ஆரம்பித்தது.

“மேடம் இருங்க. இதக் குடிங்க.” ஒரு கிளாசை நீட்டினார். கசப்பு உச்சந்தலைக்கு ஏறியது. “சிற்றமிர்து வெள்ளம். கொரோனா முடிஞ்சு ஊருக்கு வந்ததுல இருந்து தெனமும் குடிக்கேன். ஒரு ஜலதோஷம் கெடையாது.”

சீந்தில் கொடியைத்தான் மலையோரத்தில் சிற்றமிர்து என்பார்கள், தண்ணீரை வெள்ளம் என்பார்கள். வின்சென்டுக்கு அது கொடி இல்லை, குலதெய்வம். விளையைச் சுற்றி வேலிக்கு நின்ற சீமைக்கொன்றை மரம் எல்லாவற்றிலும் ஏற்றி விட்டிருந்தார்.

“ஒரு காரியம் கேக்க மறந்துட்டேன். ரெண்டு வருசமா இந்தக் கொடிக்க இலையெல்லாம் சல்லடயா கெடக்கு. என்னமோ புழு திங்குது. இதுக்கு வல்லதும் மருந்து உண்டா?”

கிளாசைக் கீழே வைத்தேனா, போட்டேனா என்று ஞாபகம் இல்லை. வேலிக்கு ஓடினேன்.

கல்லூரியில் ஒரே ஒரு வரி படித்திருந்தேன். இந்த அந்துப்பூச்சி வளர்ந்தபின் பழத்தைக் குடிக்கும், புழுவாக இருக்கையில் பழமரத்தைத் தொடாது, சீந்தில் வகைக் கொடியில் வளரும். பரீட்சைக்குப் படித்து பரீட்சையிலேயே விட்டுவிட்டு வந்த வரி. அது இப்போது என் கண்முன்னால் இலையைத் தின்றுகொண்டிருந்தது. விரல் நீளம், கறுத்த உடம்பு, முதுகை வளைத்துத் தலையைக் கீழே மடக்கிக்கொண்டு, பக்கவாட்டில் இரண்டு பெரிய பொய்க்கண். தொட்டால் நம்மைப் பயமுறுத்தப் பார்க்கும். எண்ணத் தொடங்கி முப்பதுக்குமேல் நிறுத்திவிட்டேன்.

“ரோஸ்லின்! ரோஸ்லின்!” என்று நான் போட்ட கூப்பாட்டில் அக்கம்பக்கத்து நாயெல்லாம் குரைத்தது.

அவர்கள் இருவரும் ஓடி வருவதற்குள் எனக்கு இன்னொன்று உறைத்தது. உற்சாகம் எல்லாம் அப்படியே வடிந்துவிட்டது. கொரோனா காலத்தில் மலையோரத்துக்குச் சீந்திலைக் கொண்டுவந்தது நான். துறை சொல்லவில்லை, எந்தத் திட்டமும் இல்லை. பூதப்பாண்டியில் என் வீட்டு மாமரத்தில் அது படர்ந்து கிடந்தது. துண்டு துண்டாக வெட்டி ஸ்கூட்டி பெட்டியில் போட்டு, மகளிர் குழுக் கூட்டத்துக்குக் கூட்டம் கொடுத்தேன். “வேலியில நடுங்க, ஒரு செலவும் இல்ல” என்று பிரசங்கம் வேறு. காட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்த கொடி, என் புண்ணியத்தில் வேலிக்கு வேலி வந்தது.

நான் அதை அப்போது சொல்லவில்லை. நாக்கு வரைக்கும் வந்தது, விழுங்கிவிட்டேன். ஓய்வு பெற எட்டு மாதம் இருக்கிறது, இதைப் போய் ஏன் வெளியே விடவேண்டும் என்று நினைத்தேன்.

6. பாட்டிலில் பிரசவம்

கொடியை எடுத்துவிட வேண்டும் என்றதும் வின்சென்ட் முகம் மாறிவிட்டது.

“அது வேற, இது வேற மேடம். அங்க பறக்கது பூச்சி. இங்க நெளியது புழு. ரெண்டும் ஒண்ணுண்ணு எப்பிடி நம்பதுக்கு?”

நியாயமான கேள்வி. இரண்டு வாரம் புழுவை வளர்த்துக் காட்டலாம். திங்கட்கிழமை மெஷின் வருகிறது. மறுபடியும் கொடிக்குள் தலையை விட்டேன். இரண்டு இலையை நூலால் சேர்த்துத் தைத்ததுபோல ஒன்று கிடந்தது. உள்ளே கூட்டுப்புழு, கறுத்து முற்றியிருந்தது. இன்றோ நாளையோ வெளியே வரும் பக்குவம். பாட்டிலில் போட்டு, வாயைத் துணியால் கட்டி, வின்சென்டிடமே கொடுத்தேன்.

“நீங்களே வச்சுக்கிடுங்க. இதுல இருந்து வேற ஏதாவது வந்தா மரத்த வெட்டுங்க. அந்தப் பூச்சி வந்தா கொடிய வெட்டணும்.”

“சம்மதம்” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை போனைக் கையை விட்டுக் கீழே வைக்கவில்லை. முற்றின கூட்டுக்குள் குளவி முட்டையிட்டிருந்தாலும் போச்சு, பூச்சிக்குப் பதில் குளவி வரும். என் நேரத்துக்கு அப்படித்தான் வரும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். விளக்கேற்றும் நேரத்தில் வாட்ஸப்பில் வீடியோ கால். திரை முழுக்க வின்சென்ட் முகம். அன்றைக்கு அவர் கோயில் ஆராதனைக்குக்கூடப் போகாமல் பாட்டிலுக்குக் காவல் இருந்திருக்கிறார்.

“மேடம்! பொறந்தாச்சு!”

போனைத் திருப்பினார். பாட்டில் சுவரைப் பிடித்துக்கொண்டு, சுருங்கிய சிறகை மெல்ல விரித்துக்கொண்டிருந்தது அது. மேல்சிறகு காய்ந்த இலை. அது விலகியபோது உள்ளே நல்ல ஆரஞ்சு, நடுவில் கறுப்பு. வெள்ளிக்கிழமை பிடித்த அதே பூச்சி. நான் என் வீட்டு அடுக்களையில் குதித்தேன். ஐம்பத்தொன்பது வயதில் குதித்தால் முட்டி என்ன சொல்லும் என்பதை மறுநாள் தெரிந்துகொண்டேன்.

“கொள்ளாம், நல்ல அழகு சவம்” என்றார் வின்சென்ட். பிறகு, “எனக்க கொடி போச்சு” என்றார்.

அந்த ஒரு சொல்லில் என் சந்தோஷம் நின்றுவிட்டது. இரவு தூக்கம் வரவில்லை.

7. திங்கட்கிழமை

காலையில் நான் போனபோது மெஷின்காரர் வந்து நின்றிருந்தார். “மரம் எங்க?” என்றார். “மரம் இல்ல வே, கொடி” என்றார் வின்சென்ட். மெஷின்காரர் தன் மெஷினையும் வின்சென்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, முணுமுணுத்துக்கொண்டே ஒரு வெட்டுக்கத்தியை வாங்கிக்கொண்டு வேலிக்குப் போனார்.

முதல் கொடி விழுவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன்.

“வின்சென்ட், ரோஸ்லின். ஒரு காரியம். இந்தக் கொடி இங்க வந்ததே என்னாலதான். கொரோனா சமயத்துல குழுக் கூட்டத்துல நான்தான் குடுத்தேன். வேலியில நடச் சொன்னதும் நான்தான். உங்களுக்கு ரெண்டு பருவம் போனதுக்கு நான்தான் காரணம்.”

ரோஸ்லின் கையிலிருந்த கூடையைக் கீழே வைத்தாள்.

“எனக்கு சனிக்கிழமயே தெரியும் மேடம்” என்றாள். “அந்தக் கூட்டத்துல நானும் இருந்தேன்லா. உங்க கையில இருந்துதான் கொடிக் கம்பு வாங்கினேன். நல்ல ஓர்ம இருக்கு.”

“பின்ன ஏன் சொல்லல்ல?”

“நீங்களா சொல்லுவியளாண்ணு பாத்தேன்.”

வேலிக்கல்லில் உட்கார்ந்துவிட்டேன். மெமோ வாங்கியிருக்கிறேன், மேலதிகாரி கத்தலைக் கேட்டிருக்கிறேன். அதெல்லாம் அன்று மாலைக்குள் மறந்துபோகும். இந்த வார்த்தை மறக்கவில்லை. சனியும் ஞாயிறும் அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள், சாயா தந்துகொண்டே.

பிறகு அவளே என் கையைப் பிடித்து எழுப்பினாள். “போட்டும். வாங்க, சோலி கெடக்கு.”

கொடியையெல்லாம் புழுவோடும் முட்டையோடும் வெட்டி எரித்தோம். கீழே விழுந்து நாறின பழங்களை ஒன்றுவிடாமல் பொறுக்கிக் குழியில் மூடினோம், அந்த வாசனைதான் பூச்சிக்கு அழைப்பு. மிச்சமிருந்த கொத்துகளுக்குத் துணிப்பை கட்டினோம். ஒரு வாரம் மாலையில் டார்ச்சும் பாட்டிலுமாக வின்சென்ட் வேட்டைக்குப் போனார். எத்தனை பிடித்தேன் என்று தினமும் எனக்குச் செய்தி அனுப்புவார். ஒரே ஒரு கொடியை மட்டும் தொட்டியில் வைத்து, கொசுவலை போட்டு மூடி வளர்க்கிறார். அதற்குள் என் விரல்கூட நுழையமுடியாது. அந்த முடிச்சு அப்படி.

அந்தப் பருவத்தில் மிச்சம் இருந்ததைக் காப்பாற்றினோம். அடுத்த பருவத்தில் பெரும்பாலான பழம் நன்றாக வந்தது. முழுக்க என்று சொன்னால் பொய். காட்டில் கொடி இருக்கிறது, பூச்சியும் வரும். வவ்வாலும் இருக்கத்தான் செய்கிறது. நாற்பத்திரண்டு மரமும் நிற்கின்றன.

8. அந்த எட்டு மாதம்

மிச்சமிருந்த எட்டு மாதத்தில், பழமரம் உள்ள வீடுகளில் நான் கம்பு கொடுத்த வீடு ஒவ்வொன்றுக்கும் போனேன். “நான் சொன்னது தப்பு. ரம்புட்டான் பக்கத்தில் இது வேண்டாம்” என்று சொன்னேன். சிலர் சிரித்தார்கள். ஒரு அம்மா, “நடச் சொல்லதும் நீங்க, புடுங்கச் சொல்லதும் நீங்க” என்று வாசலிலேயே வைத்து வாங்கினார். வாங்கிக்கொண்டேன். போட்டோ பார்த்து மருந்து எழுதுவதை அன்றோடு விட்டேன்.

புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, நோய் மரத்தில் இருந்தாலும் வேலி வரைக்கும் நடந்து பாருங்கள். வேலியில் உங்கள் கைப்பட நட்டது ஏதாவது இருந்தால், அன்றைக்கே சொல்லிவிடுங்கள். இரண்டு நாள் தள்ளிப்போட்டதில் எனக்கு மிஞ்சியது என்ன என்று கேட்டால், அதற்கும் பதில் இருக்கிறது.

ஒவ்வொரு ஜூலையிலும் பூதப்பாண்டிக்கு ரோஸ்லினிடமிருந்து ஒரு பெட்டி ரம்புட்டான் வரும். பஸ்ஸில் ஏற்றி விட்டுவிட்டுப் போன் செய்வாள். திறந்தால் ரத்தச் சிவப்பில் நல்ல பழங்கள். எல்லாவற்றுக்கும் மேலே, தனியாகத் தாளில் சுற்றி ஒரே ஒரு பழம் இருக்கும். முடியை விலக்கிப் பார்ப்பேன். ஊசித்துளை இருக்கும்.

தாளில் வின்சென்டின் கையெழுத்து: “மேடத்துக்கு.”

முதலில் அதைத்தான் உரித்துத் தின்பேன்.